பாசி நீலம் கேக்கில் ஏன் நிற்கவில்லை?

கும்பகோணத்தில் கேக்கும் ஐஸ்கிரீமும் செய்து விற்கும் நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். பாசியிலிருந்து எடுத்த இயற்கை நிறம் என்று விற்கிறார்களே, அது உண்மையா? நீலம், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் அதில் கிடைக்குமா? மொட்டை மாடியில் சுருள்பாசித் தொட்டி போட்டு நிறத்தை நானே எடுத்துக்கொள்ளலாமா? கூடவே ஒரு வருத்தத்தையும் எழுதியிருந்தீர்கள். வாங்கிய நீலப் பொடியைக் கேக் மாவில் கலந்து சுட்டதில், வெளியே வந்தது சாம்பல் பூத்த பச்சை; பொடி விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று. அந்த வருத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். அவர் ஏமாற்றவில்லை. சூட்டில் செத்துப்போனதுதான் அது அசல் பாசி நீலம் என்பதற்கு முதல் அடையாளம்.

இருபது வருடமாகப் பாசி வளர்ப்போடு இருக்கிறேன். என்னிடம் நிறத்தைப் பற்றிக் கேட்கும் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்: அந்த நிறத்தைப் பாசி தனக்காக எதற்கு வைத்திருக்கிறது என்று பாருங்கள், உங்கள் பண்டத்தில் அது எங்கே பிழைக்கும், எங்கே சாகும் என்பது தானாகத் தெரிந்துவிடும். நீலம் வெளிச்சத்தைப் பிடிக்கும் வலை. ஆரஞ்சு வெயிலிலிருந்து காக்கும் குடை. வலை மென்மையாகத்தான் இருக்கும். குடை கொஞ்சம் முரடாக இருக்கும். உங்கள் சமையலறைக்கு வேண்டிய அறிவில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

நீலத்தை எடுத்துக்கொள்வோம். சுருள்பாசி என்று நாம் சொல்லும் ஸ்பைருலினா உண்மையில் நீலப்பச்சை நுண்ணுயிர். அறிவியல் பெயர் ஆர்த்ரோஸ்பைரா. இலைகளில் இருக்கும் அதே பச்சையம் இதிலும் உண்டு. பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் நன்றாக விழுங்கும். நடுவில் இருக்கும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். விட்டுப்போனதைப் பொறுக்க இந்த உயிர் வைத்திருக்கும் சாதனம்தான் ஃபைக்கோசயனின். சுமார் 620 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது ஆரஞ்சு ஒளியில், அது அதிகம் விழுங்குகிறது. ஆரஞ்சு போய்விட்டால் நம் கண்ணுக்கு மிஞ்சுவது நீலம். நல்ல சுருள்பாசியின் உலர் எடையில் 10 முதல் 20 சதவீதம் வரை இந்த ஒரே பொருள் இருக்கும். ஓர் உயிர் தன் உடம்பில் இவ்வளவு பங்கை ஒரு நிறத்துக்கு ஒதுக்குவது சாதாரணம் இல்லை.

கவனிக்க வேண்டியது, ஃபைக்கோசயனின் ஒரு புரதம். முட்டை வெள்ளையைப் போல, பாலில் உள்ள புரதத்தைப் போல. நிறம் கொடுக்கும் சிறிய மூலக்கூறு ஒன்று அந்தப் புரதத்தோடு பிணைந்து, அதன் மடிப்புக்குள் நீட்டி வைத்தபடி இருக்கிறது. புரதத்தின் மடிப்பு சரியாக இருக்கும்வரை அது நீட்டி நிற்கும், நிறம் பளிச்சென்று இருக்கும். சூட்டில் மடிப்பு குலைந்தால், முட்டை வெள்ளை வெளுத்துக் கெட்டியாவதுபோல இங்கே நீலம் வெளிறிப்போகும். 45 டிகிரிக்கு மேல் போனாலே சரிவு தொடங்கிவிடும். 60 டிகிரியில் கண் முன்னாலேயே மங்கும். கேக்கின் உட்பகுதி வேகும்போது 90 டிகிரியைத் தாண்டுகிறது. உங்கள் நீலத்துக்கு அங்கே வாழ வழியே இல்லை. மாவின் மஞ்சளும் பொடியில் ஒட்டியிருந்த பச்சையும் மட்டும் மிஞ்சியிருக்கும். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு பள்ளி விழாவுக்காக ஜவ்வரிசிப் பாயசத்தில் நீலம் கலந்து கொடுக்க ஒப்புக்கொண்டேன். அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூடுதானே என்று ஊற்றினேன். ஊற்றிய இடத்தில் வானம்போல ஒரு வட்டம் விரிந்தது. கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் அந்த வட்டம் கழுநீர் நிறமாகிவிட்டது. பாயசம் ஆடை கட்டியிருந்தது; மேலே ஆறியிருந்ததே தவிர அடியில் 70 டிகிரிக்குக் குறையாமல் இருந்திருக்கும். அன்றிலிருந்து தெர்மாமீட்டர் இல்லாமல் நான் நீலத்தைத் தொடுவதில்லை. சில நூறு ரூபாய்க்குச் சமையலறைத் தெர்மாமீட்டர் கிடைக்கும். நிறத்தை வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள்.

அடுத்த எதிரி புளிப்பு. புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; அது குறையக் குறையப் புளிப்பு கூடும். பி.எச். 5 முதல் 7 வரை இந்த நீலம் நிம்மதியாக இருக்கும். 4-ஐ நெருங்கும்போது, எலுமிச்சை பிழிந்த பால் திரிவதுபோல இதுவும் திரிந்து அடியில் தங்கும். எலுமிச்சை சர்பத், ஆரஞ்சுப் பழச்சாறு, ஜாம் எல்லாம் இதற்கு ஆகாது. கட்டித் தயிர்கூட எல்லையில்தான் நிற்கிறது, நிறம் சோர்ந்துவிடும். ஆனால் பாலின் பி.எச். 6.6 முதல் 6.8 வரை. ஐஸ்கிரீமும் வெண்ணெய்க் கிரீமும் பால்கோவாவும் இதற்குப் பிறந்த வீடு மாதிரி.

நீங்கள் சங்குப்பூவையும் பார்த்திருப்பீர்கள். அதன் நீலம் வேறு வம்சம். கத்தரிக்காய்த் தோலிலும் நாவல் பழத்திலும் இருக்கும் ஆந்தோசயனின் வகை. எலுமிச்சை பட்டால் அது சாகாது, ஊதாவாக மாறும். வெந்நீரில் போட்டே அதை எடுக்கிறோம், அந்தச் சூட்டைத் தாங்கும். ஆனால் சங்குப்பூவின் நீலம் சற்று இருண்டது, ஊதா சாயல் அதில் ஒளிந்திருக்கும். ஃபைக்கோசயனின் தரும் பளிச்சென்ற நீலத்தை வேறு இயற்கைப் பொருளில் காண்பது கடினம். உலகம் முழுக்க மிட்டாய்க் கம்பெனிகள் இத்தனை குறைகளோடும் இதைத் தேடிப் போனது அதனால்தான்.

அந்தத் தேடலுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆறு செயற்கை நிறங்களில் சிலவும், பானம் கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட்டும் சேர்ந்த பானத்தைக் குடித்த பிள்ளைகளிடம் துறுதுறுப்பு கூடுவதைக் கண்டார்கள். 2010 ஜூலையிலிருந்து அந்த ஆறு நிறங்களில் எது சேர்ந்திருந்தாலும் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சொன்னது. அதற்கு முன்பே, 2006-இல், செயற்கை நிறங்களை விட முடிவுசெய்த ஸ்மார்ட்டீஸ் மிட்டாய்க்கு நீலத்துக்கு மட்டும் மாற்றுக் கிடைக்கவில்லை. பிரிட்டனில் நீல மிட்டாயையே நிறுத்திவிட்டு வெள்ளையை வைத்தார்கள். 2008-இல் நீலம் திரும்பி வந்தது, சுருள்பாசியிலிருந்து. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-இல் மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் சுருள்பாசிச் சாற்றை அனுமதித்தது, அடுத்த ஆண்டு ஐஸ்கிரீம் போன்றவற்றுக்கும் விரித்தது. 2025 மே மாதம் கால்டீரியா என்ற இன்னொரு பாசியின் நீலத்துக்கும் அனுமதி கொடுத்தது.

கால்டீரியாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. எரிமலைப் பகுதிகளின் வெந்நீர் ஊற்றுகளில், தோலைப் பொசுக்கும் அமிலத்தில், 50 டிகிரிக்கு மேலும் வாழக்கூடிய பாசி அது. அதன் நீலப் புரதமும் சூட்டையும் புளிப்பையும் தாங்கும்படி அமைந்திருக்கிறது. எலுமிச்சை பானத்தில் நிற்கக்கூடிய பாசி நீலம் என்றால் அதுதான். பிறந்த இடத்தின் குணம் நிறத்திலும் தெரிகிறது பாருங்கள்.

நம் சமையலறைக்கு வருவோம். சுருள்பாசி நீலத்தை எங்கே போடலாம்? ஐஸ்கிரீம் கலவையைக் காய்ச்சி, ஆறவைத்து, குளிர்ந்த பிறகு, கடைவதற்குச் சற்று முன் சேருங்கள். கேக்கின் உள்ளே வேண்டாம்; மேலே பூசும் வெண்ணெய்க் கிரீமில் போடுங்கள். தேங்காய் பர்ஃபியில் முடியும், ஆனால் பாகு பதம் வந்து, தேங்காய் சேர்ந்து, தட்டில் கொட்டுவதற்கு முன் 45 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். அதற்குள் பர்ஃபி இறுகிவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள், சரிதான். அதனால் நான் பர்ஃபியை வெள்ளையாக விட்டு, நீலம் கலந்த சர்க்கரைப் பாலை மேலே மெல்லிய பூச்சாகத் தடவச் சொல்வேன். வெள்ளைச் சாக்லெட் நல்ல இடம், உருகிய பிறகு 40 டிகிரியில் வேலை நடப்பதால். ஆனால் இந்த நிறம் தண்ணீரில் கரைவது, கொழுப்பில் கரையாது. ஆகவே நைசாக அரைத்த பொடியாகத்தான் தூவிக் கலக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சாக்லெட் கட்டிப்பட்டுவிடும்.

சர்க்கரை இந்த நீலத்துக்குத் துணை. கெட்டியான சர்க்கரைக் கரைசலில் புரதத்தின் மடிப்பு குலைய அதிக நேரம் எடுக்கும். அதனால்தான் மிட்டாயின் சர்க்கரைப் பூச்சில் அது நன்றாக நிற்கிறது. வெளிச்சம் துணை இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டியில் டியூப் லைட்டுக்கு நேரே வைத்த நீலக் கிரீம், சில நாட்களில் மேலே மட்டும் வெளுத்து, கத்தியால் வெட்டினால் உள்ளே நீலமாக இருக்கும். மூடிய டப்பாவில் வையுங்கள்.

வாங்கிய பொடி அசலா என்று பார்க்க லேபரட்டரி வேண்டாம். ஒரு சிட்டிகைப் பொடியைக் கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீரில் கரையுங்கள். டம்ளரை வெயிலில், கறுப்புத் துணி ஒன்றைப் பின்னால் பிடித்து, பக்கவாட்டில் இருந்து பாருங்கள். ஊடுருவிப் பார்த்தால் நீலமாகத் தெரியும் அதே தண்ணீர், வெயில் படும் விளிம்பில் செந்நிறமாக மினுங்கும். குங்குமத்தைக் கரைத்து ஒரு படலமாகப் பூசியதுபோல இருக்கும். பிடித்த ஒளியைப் பச்சையத்துக்குக் கைமாற்றிக் கொடுக்கத்தான் இந்த வலை அமைந்தது. பச்சையம் பக்கத்தில் இல்லாததால், வாங்கிய ஒளியைச் சிவப்பாகத் திருப்பி உமிழ்கிறது. முதல் முறை இதைப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. மடிப்பு குலைந்தால் முதலில் போவது இந்தச் சிவப்பு மினுக்கம்தான். நீலம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே அது அணைந்துவிடும். பொடி பழசானதா என்று அறியவும் இதுவே வழி.

பிறகு அந்த டம்ளர் தண்ணீரை ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். சுருள்பாசி நீலம் வெளுத்துப் போகும். ஒரு துளியும் குறையாமல் பளபளவென்று நீலமாகவே நின்றால், உள்ளே பிரில்லியன்ட் புளூ போன்ற செயற்கை நிறம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். செயற்கை நிறம் என்றாலே விஷம் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் எட்டு செயற்கை உணவு நிறங்கள் அனுமதிக்கப்பட்டவை, குறிப்பிட்ட பண்டங்களில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்பது பொதுவான வரம்பு. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் தடை செய்யப்பட்டது அந்த நிறங்களால் அல்ல. துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயத்தை மிட்டாயில் கலந்ததால். இயற்கை என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு உள்ளே வேறொன்றை வைப்பதுதான் இங்கே தவறு.

பொடி டப்பாவில் ஈ18 என்றோ ஈ25 என்றோ எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். ஐரோப்பியச் சேர்க்கை எண் என்று பலர் நினைக்கிறார்கள். அது நிறத்தின் வலிமை. எண் கூடினால் அடர்த்தி கூடும், விலையும் கூடும். உணவுக்குச் சாதாரண வலிமையே போதும். டிரெகலோஸ், சோடியம் சிட்ரேட் என்று உட்பொருள் பட்டியலில் இருந்தால் பயப்படாதீர்கள், புரதத்தைக் காப்பாற்றவும் அடர்த்தியைச் சீராக்கவும் சேர்க்கிறார்கள்.

இனி தொட்டி. நம் ஊர் வெயில் சுருள்பாசிக்கு மிகவும் பிடித்தது. சென்னை தரமணியில் உள்ள முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி.சேஷாத்ரி 1980களில் இந்தப் பாசியை எளிய முறையில், கிராமத்துப் பெண்கள் வளர்க்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவர உழைத்தார். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய அளவில் சுருள்பாசி வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். ஆகவே வளருமா என்ற கேள்விக்கே இடமில்லை. 30 முதல் 35 டிகிரி வெப்பம், ஒரு சாண் ஆழத் தண்ணீர், நாள் முழுக்க மெதுவான கலக்கல், நிறைய ஆப்ப சோடா. சாரூக் என்பவர் 1966-இல் வகுத்த வளர்ப்புக் கரைசலில் லிட்டருக்கு 16.8 கிராம் ஆப்ப சோடா சேர்க்கிறார்கள். அந்தக் காரத்தில் வேறு பாசிகள் தலைகாட்டுவது அரிது.

தொட்டியைப் பார்த்தே நீலத்தின் அளவைச் சொல்லிவிடலாம். ஆரோக்கியமான தொட்டி மயில் கழுத்தின் பச்சை மாதிரி இருக்கும், நீலம் கலந்த அடர் பச்சை. நைட்ரஜன் உரம் குறைந்தால், சில நாளில் மஞ்சள் பாய்ந்த பச்சையாகும். காரணம், பசி வந்ததும் அது தன் நீலப் புரதத்தையே தின்னத் தொடங்கிவிடுகிறது. நீலம் அதற்கு ஒளி வலை மட்டுமல்ல, பஞ்ச காலத்துக்குச் சேமித்த நெல்லும்கூட. அதுபோலக் கொளுத்தும் வெயிலில் வலை அதிகம் தேவையில்லை என்று நீலத்தைக் குறைத்துக்கொள்ளும். நீலத்துக்காக வளர்ப்பவர்கள் மேலே பச்சை நிழல்வலை கட்ட வேண்டும். பாசி எடை கொஞ்சம் குறையும், நிறம் கூடும்.

எடுக்கும் முறை கடினமில்லை. காலையில், வெயில் ஏறுவதற்கு முன், ஸ்கிரீன் பிரிண்டிங் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து, கெட்டியான விழுதாக்கிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். மறுநாள் எடுத்து உருக விடுங்கள். உறையும்போது உண்டாகும் பனி ஊசிகள் செல்களைக் குத்திக் கிழித்திருக்கும். உருகும் விழுதின் ஓரத்தில் பேனா மை கசிவதுபோல நீலம் ஒழுகும். பத்து மடங்கு குளிர்ந்த தண்ணீர் சேர்த்து, குளிர்பெட்டியிலேயே இரவு முழுக்க வைத்து, அசைக்காமல் மேல் தண்ணீரை இறுத்து, காபி ஃபில்டர் தாளில் வடியுங்கள். பச்சையமும் கரோட்டின் என்ற ஆரஞ்சு நிறமும் தண்ணீரில் கரையாததால் அடியில் சக்கையோடு தங்கிவிடும். மேலே இருப்பது நீலம். வெயிலில் காயவைத்த பாசியில் இந்த நீலம் பாதிகூட வராது. இன்னொரு விஷயம், இது புரதத் தண்ணீர். வெளியே வைத்தால் ஒரே நாளில் அழுகிய முட்டை மாதிரி நாறும். சம எடை சர்க்கரை சேர்த்துப் பாகுபோல் கரைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

கணக்கு என்னவென்றால், நன்றாகப் பராமரிக்கும் தொட்டியில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 8 முதல் 10 கிராம் உலர் பாசி எதிர்பார்க்கலாம். உங்கள் மாடியில் 10 சதுர மீட்டர் தொட்டி என்றால் நாளுக்கு 80 முதல் 100 கிராம். அதில் எடுக்கக்கூடிய நீலம் கைமுறையில் 8 கிராம் வந்தால் நல்ல வரவு. உங்கள் கடை ஐஸ்கிரீமுக்கு அது தாராளம். ஆனால் பொடியாக்கி வெளியே விற்க வேண்டும் என்றால் குளிர் உலர்த்தியும் நுண் வடிகட்டியும் வேண்டும். அந்த முதலீட்டை இந்தத் தொட்டி தாங்காது. அதனால்தான் நீலம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று பயிற்சி வகுப்பு நடத்துபவர்களை நம்பிக் கடன் வாங்காதீர்கள் என்று மனம் பதறிச் சொல்கிறேன்.

சுத்தத்தைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளத்துப் பாசியை அள்ளிவந்து வடிகட்டினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. குளங்களில் பூக்கும் நீலப்பச்சைப் பாசிகளில் சில, மைக்ரோசிஸ்டின் என்ற ஈரல் நஞ்சை உண்டாக்குபவை. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக் கரையில் கனெம்பு இனப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சுருள்பாசியை அள்ளி மணலில் உலர்த்தி உண்கிறார்கள் என்பது உண்மை. அந்தக் கார நீரில் பெரும்பாலும் இதுவே வளர்கிறது. நம் ஊர்க் குளம் அப்படி இல்லை. சுருள்பாசிக்கு ஈயம், ஆர்சனிக் போன்றவற்றை உறிஞ்சிக்கொள்ளும் குணமும் உண்டு. தொட்டியில் முதலில் விடும் தாய்ப் பாசியை நம்பகமான ஆராய்ச்சி நிலையத்தில் வாங்குங்கள், போர் தண்ணீரைப் பரிசோதியுங்கள், உரத்தை உணவுத் தரத்தில் வாங்குங்கள், விற்கும் முன் அறுவடையை ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

ஆரஞ்சுக்கு வருவோம். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களைக் கோடையில் பார்த்திருந்தால், உப்பு விளையும் முன் பாத்தித் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுவதைக் கண்டிருப்பீர்கள். அந்த நிறத்தில் பெரும் பங்கு உப்பை விரும்பும் நுண்ணுயிர்களுடையது. இன்னொரு பங்கு டுனாலியெல்லா சலைனா என்ற பாசியுடையது. 1838-இல் பிரான்சின் மோன்பெலியே உப்பளங்களில் இதைக் கவனித்த தூனால் என்பவர் பெயரை 1905-இல் இதற்கு வைத்தார்கள். கடலைவிடப் பல மடங்கு உப்பு, தலைக்கு மேல் வெயில், தின்ன உரம் இல்லை. பெருக முடியாத அந்த நெருக்கடியில் பச்சையாக இருக்க வேண்டிய பாசி, எண்ணெய்த் துளிகளில் பீட்டா கரோட்டினை நிரப்பி ஒரு திரைபோலத் தொங்கவிட்டுக்கொள்கிறது. நெருக்கடி முற்றினால் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு கரோட்டினாக இருக்கும். கேரட்டில் இந்த விகிதத்தைக் கனவிலும் பார்க்க முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூனில், போர்ட் கிரிகரி ஊருக்கு அருகே, ஏரியின் ஒரு பகுதியையே குளங்களாக்கி இதை வளர்க்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் ரோஸ்மில்க் கொட்டியதுபோல இருக்கும்.

குடையாகப் பிறந்த இந்த நிறம் நீலத்தைவிட உறுதியானது. எண்ணெயில் கரையும், புளிப்புக்கு அசையாது, கேக் அடுப்பையும் ஓரளவு தாங்கும். பகை, காற்றும் வெளிச்சமும். பசு நெய் ஏன் மஞ்சளாகவும் எருமை நெய் ஏன் வெளுப்பாகவும் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பசு, புல்லிலிருந்து வந்த கரோட்டினில் கொஞ்சத்தைப் பாலில் அப்படியே விட்டுவிடுகிறது. எருமை கிட்டத்தட்ட முழுவதையும் வைட்டமின் ஏ ஆக்கிவிடுகிறது. ஆக, கரோட்டின் நிறத்துக்கு நெய்யும் வெண்ணெயும் இயல்பான இடம். உங்கள் வெண்ணெய் பிஸ்கட்டுக்கும் கிரீமுக்கும் எண்ணெயில் கரைத்த கரோட்டினைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கொஞ்சம் போட்டால் மஞ்சள், கூடினால் ஆரஞ்சு. ஐஸ்கிரீம் போன்ற நீர்ப் பண்டத்துக்கு, தண்ணீரில் கலக்கும்படி தயாரித்த வகை தனியாகக் கிடைக்கிறது. லேபிளில் பாசியிலிருந்து எடுத்தது என்று இருக்கிறதா பாருங்கள். சந்தையில் உள்ள கரோட்டினில் பெரும்பகுதி ரசாயன முறையில் செய்தது. உப்பளத்துத் தண்ணீரை வடித்து நீங்களே எடுக்க முயல வேண்டாம். செல் சுவர் இல்லாத, கண்ணுக்குத் தெரியாத அளவுப் பாசி. வீட்டு வடிதுணியில் நிற்காது.

சிவப்பைப் பொறுத்தவரை நான் உங்களை ஊக்கப்படுத்த மாட்டேன். பாசியில் இரண்டு சிவப்பு உண்டு. ஒன்று ஹீமட்டோகாக்கஸ் தரும் ஆஸ்டாசாந்தின். மழைத் தண்ணீர் தேங்கிய கல் குழியில் வாழும் பாசி இது. குழி வற்றும்போது பச்சை நிறம் போய், தடித்த ஓட்டுக்குள் ரத்தச் சிவப்பாகச் சுருண்டுகொள்ளும். இறால் வெந்ததும் சிவக்கிறதே, அந்தச் சிவப்பும் இதே பொருள்தான். இறால் அதைத் தானாகச் செய்துகொள்வதில்லை, பாசியிலிருந்து தொடங்கும் உணவுச் சங்கிலியில் பெறுகிறது. பச்சை இறாலில் ஒரு புரதம் அதைப் பிடித்துச் சாம்பல் நீலமாகக் காட்டுகிறது. சூட்டில் புரதம் விட்டதும் சிவப்பு வெளிப்படுகிறது. இது சால்மன் மீன் தீவனத்துக்கும் மாத்திரைகளுக்கும் போகும் விலையுயர்ந்த பொருள். கடல் வாடையும் லேசாக அடிக்கும். ஐஸ்கிரீமுக்கு வேண்டாம்.

மற்றொன்று சிவப்புப் பாசிகளின் ஃபைக்கோஎரித்ரின். இதுவும் நீலத்தின் உடன்பிறப்பு, புரத வலை. கடலுக்குள் ஆழமாக இறங்கும் பச்சை ஒளியைப் பிடிப்பதற்கானது. ஜப்பானியர் உண்ணும் நோரிப் பாசித் தாளை நெருப்பில் வாட்டினால் கருஞ்சிவப்பு மாறிப் பச்சையாகும். இந்தச் சிவப்புப் புரதம் செத்து, கீழே மறைந்திருந்த பச்சையம் தெரிவதுதான் அது. இது மிக வலுவாக ஒளிர்வதால் 1982-இல் கிளேசர், ஸ்டிரையர் என்ற விஞ்ஞானிகளின் குழுவினர் ரத்த அணுக்களுக்கு அடையாளம் ஒட்டும் ஒளிர்பொருளாக ஆக்கிக் காட்டினார்கள். இன்று ரத்த ஆய்வகங்களில் இதன் விலை உயர்ந்த வேலை அதுதான். மிட்டாய்க்குச் சிவப்பு வேண்டுமென்றால் பீட்ரூட் போதும், மலிவு, நம் தோட்டத்தில் விளைவது. பச்சைக்கும் பாசியைத் தேடிப் போக வேண்டாம். கீரையில் உள்ள அதே பச்சையம்தான், புளி பட்டால் கீரையைப் போலவே பழுப்பாகும்.

சட்டப்படி ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. உங்கள் உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் எந்த வகைப் பண்டங்கள் என்று இருக்கும். எந்த வகைக்கு எந்த நிறம் செல்லும் என்பது தனித்தனியாக வகுக்கப்பட்டிருக்கிறது. பீட்டா கரோட்டின் நம் அனுமதிப் பட்டியலில் நெடுங்காலமாக இருப்பது. நீலத்துக்கு, பொடி விற்பவரிடம் அவருடைய உரிம எண்ணும் ஆய்வறிக்கையும் வாங்கி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் உங்கள் பண்டத்தின் பெயரைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

மிச்சமிருக்கும் நீலப் பொடியைத் தூக்கி எறியாதீர்கள். அரை லிட்டர் வெனிலா ஐஸ்கிரீம் கலவையைக் காய்ச்சி, நான்கு டிகிரிக்குக் குளிரவைத்து, கால் டீஸ்பூன் பொடியை இரண்டு ஸ்பூன் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் குழைத்துச் சேர்த்துக் கடையுங்கள். ஒரு கிண்ணத்தை மூடியும் இன்னொன்றைத் திறந்து விளக்கொளியில் விட்டும் பத்து நாள் கண்ணாடிக் கதவு போட்ட உறைபெட்டியில் வைத்து, பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூடிய கிண்ணத்தின் நிறம் என்ன என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்து அளவைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று சேர்ந்து முடிவு செய்வோம்.